எட்டுக் கம்பிகளும் ஒரு பூசலும்: தனியாட் கணனியின் வரலாற்றில் ஓர் இயல்

தொழினுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யார் எதனை முதலிற் செய்தார், எந்த ஆண்டிற் செய்தார், அதனால் உலகம் எவ்வாறு மாறிற்று என்பனவே அவ்வரலாற்றின் வினாக்கள். செய்யப்பட்ட பொருள் எவ்வாறு பழுதுபட்டது, அப்பழுதினை யார் சுமந்தனர், யார் சுமக்க மறுத்தனர் என்னும் வினாக்கள் அத்துணை ஆர்வத்துடன் எழுப்பப்படுவதில்லை. ஆயினும் ஒரு பொறியை உருவாக்கிய சமூகத்தின் உள்ளமைப்பு, அப்பொறி நன்கு இயங்கும்பொழுது வெளிப்படுவதிலும் பார்க்க, அது இயங்க மறுக்கும்பொழுதே தெளிவாக வெளிப்படுகின்றது.

1980களின் நடுப்பகுதியிலிருந்து 1990களின் இறுதிவரை அலுவலகங்களிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலும் அடிக்கடி நிகழ்ந்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். மேசைமீது ஒரு தனியாட் கணனி; அதனுடன் இணைந்த ஓர் அச்சுப்பொறி. இரண்டும் பிழையின்றி இயங்குகின்றன. பின்னர் அக்கணனியினுள் வலையமைப்பு அட்டையொன்று செருகப்படுகின்றது. வலையமைப்பும் இயங்குகின்றது. ஆனால் அச்சிடும் கட்டளை கொடுக்கப்பட்டதும் வலையமைப்பு அறுந்துவிடுகின்றது. அல்லது கணனி முற்றாக உறைந்துவிடுகின்றது. அச்சுப்பொறி விற்றவர் தமது பொருளிற் குறையில்லை என்கிறார். வலையமைப்பு மென்பொருள் தந்தவரும் அவ்வாறே கூறுகிறார். இருவர் கூற்றும் உண்மை என்பதே இதிலுள்ள விந்தை. தனித்தனியே குறையற்ற இரு பொருள்கள் ஒன்றாக வாழ முடியாமற் போனமைக்கு அவற்றிற்கு இடையிலிருந்த ஏதோவொன்று காரணம் ஆகின்றது. அந்த இடைப்பொருள் 1981ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட ஒரு சிக்கனமான தீர்மானம்.

அத்தீர்மானத்தை விளங்கிக்கொள்வதற்கு, கணனி தன்னுடன் இணைந்த சாதனங்களை எவ்வாறு கவனிக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். தபாலை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்காரர் இரண்டு வழிகளில் நடந்துகொள்ளலாம். கணத்துக்குக் கணம் படலையடிக்குச் சென்று தபாற்காரர் வந்துவிட்டாரா எனப் பார்த்துவரலாம். அல்லது தம் வேலையைச் செய்துகொண்டிருந்து, சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து செல்லலாம். கணனியின் மையச் செயலிக்கும் இவ்விரு வழிகளே உள. முதலாவது சுற்றிவந்து விசாரித்தல். இரண்டாவது இடையீட்டுச் சைகை. சாதனம் தன் தேவையை ஒரு மின்கம்பி வழியே அறிவிக்க, செயலி தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவைத்து, அதற்குச் செவிகொடுத்துப் பின் விட்ட இடத்துக்கு மீளுகின்றது.

இரண்டாவது வழி திறமையானது எனினும் அச்சம் தருவதும் ஆகும். 1950களின் பிற்பகுதியில் அம்ஸ்ரடாமில் எலெக்ரோலொஜிக்கா எக்ஸ்1 என்னும் கணனி உருவாக்கப்பட்டபோது அதன் அடிப்படை மென்பொருளை எழுதும் பொறுப்பினை ஏற்றவர் எட்ஸ்கர் டைக்ஸ்ரா. இடையீட்டு வசதியைக் கணனியில் அமைக்கச் சக பொறியியலாளர்கள் முன்வந்தபோது அவர் தயங்கினார். சைகை எக்கணத்தில் வரும் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே அதனால் விளையும் பிழையை மீண்டும் ஒருமுறை நிகழ்த்திக் காட்டவும் முடியாது. நிகழ்த்திக் காட்ட முடியாத பிழையை எவ்வாறு திருத்துவது? தமது அச்சத்தைப் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்துள்ளார். அச்சத்தை வென்று அந்த மென்பொருளை எழுதி, அதனையே பொருளாகக் கொண்டு 1959இற் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். அன்று அம்ஸ்ரடாமில் ஓர் அறிஞரை வருத்திய ஐயம், முப்பது ஆண்டுகளின் பின் உலகெங்கும் எண்ணற்ற அலுவலக ஊழியரின் அன்றாட அனுபவமாக மாறிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பீ.எம். நிறுவனம் தனது தனியாட் கணனியை அறிமுகஞ் செய்தது. புளோறிடா மாநிலத்தின் போகா ரற்றோன் நகரில் டொன் எஸ்ற்றிட்ஜ் என்பவரின் தலைமையில் இயங்கிய ஒரு சிறிய குழு ஏறத்தாழ ஓராண்டுக்குள் அதனை ஆக்கி முடித்தது. விரைவு கருதியும் செலவு கருதியும், சந்தையிற் கிடைத்த உறுப்புகளையே அக்குழு எடுத்துக்கொண்டது. இடையீட்டுச் சைகைகளை ஒழுங்குபடுத்தும் பணிக்கு இன்ரெல் நிறுவனத்தின் 8259ஏ என்னும் சில்லு தெரிவாயிற்று. அச்சில்லிற்கு எட்டு உள்வாயில்கள். சுழியம் முதல் ஏழு வரை எண்ணிடப்பட்ட அவ்வெட்டில், சுழியம் நேரங்கணிப்பானுக்கும் ஒன்று விசைப்பலகைக்கும் போயின. எஞ்சிய ஆறே விரிவு அட்டைகள் செருகப்படும் பொதுப் பாட்டைக்கு வந்தன. அவற்றுள்ளும் நான்காவது முதலாம் தொடர்வாயிலுக்கும், மூன்றாவது இரண்டாம் தொடர்வாயிலுக்கும், ஆறாவது நெகிழ்வட்டுக்கும், ஏழாவது அச்சுப்பொறிக்கும் ஒதுக்கப்பட்டன. 1983இல் வந்த எக்ஸ்.ரீ. மாதிரியில் ஐந்தாவதை வன்வட்டு பிடித்துக்கொண்டது.

கம்பிகள் குறைவு என்பது மட்டுமே குறையன்று. ஒரு கம்பியை இருவர் பகிர்ந்துகொள்ள இயலாதவாறு அவ்வமைப்பு ஆக்கப்பட்டிருந்தமையே பெருங்குறை. அந்தப் பாட்டையிற் சைகை என்பது கம்பியின் மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயர்வுக்கு மாறும் அந்தக் கணத்திலேயே உணரப்பட்டது. ஓர் அட்டை கம்பியை உயர்த்திப் பிடித்திருக்கும் வேளையில் மற்றொன்றும் உயர்த்துமாயின் எம்மாற்றமும் நிகழாது. ஆகவே இரண்டாவது அழைப்பு எவர் காதிலும் விழாது. ஒன்று தாழ்த்திப் பிடிக்க மற்றொன்று உயர்த்த முயலுமாயின் இரண்டும் இழுபறிப்படும். ஐந்து விரிவுச் செருகுவாய்களைக் கொண்ட, வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் பயன்படப்போகும் பொறிக்கு இது போதும் என்று கருதப்பட்டமை அக்காலச் சூழலில் வியப்புக்குரியதன்று. அக்குழு ஒரு சகாப்தத்திற்குச் சட்டம் இயற்றவில்லை. ஒரு விற்பனைப் பொருளையே ஆக்கியது. ஆனால் ஐ.பீ.எம். அக்கணனியின் சுற்றுப்படங்களைத் தொழினுட்பக் கைந்நூலாக வெளியிட்டது. பிற நிறுவனங்கள் அதனைப் பின்பற்றி அட்டைகளைச் செய்தன. சில காலத்தின் பின் கணனியையே செய்தன. இவ்வாறாக ஒரு நிறுவனத்தின் அவசரத் தீர்மானம் ஒரு தொழிற்றுறையின் எழுதாச் சட்டமாயிற்று.

இவ்வெட்டுக் கம்பிகளுள் ஏழாவதன் கதை தனியாக நோக்கத்தக்கது. அச்சுப்பொறிக்கென அது ஒதுக்கப்பட்டிருந்தபோதிலும், டொஸ் இயக்க முறைமையின்கீழ் அச்சிடும்பொழுது கணனி அக்கம்பியைப் பயன்படுத்தவேயில்லை. ஒவ்வோர் எழுத்தை அனுப்பியதும் அச்சுப்பொறி தயாரா எனக் கணனியே சென்று விசாரித்தது. உரிமையாளர் பெயரில் உறுதி எழுதப்பட்டு, அவர் குடியிருக்காது கிடந்த வளவு போன்றது ஏழாம் கம்பி. இதனை அறிந்துகொண்ட அட்டை உற்பத்தியாளரும் தொழினுட்பவியலாளரும் அதிற் குடியேறத் தொடங்கினர். 1989இற் சிங்கப்பூரின் கிரியேற்றிவ் நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்ரர் ஒலி அட்டை ஆரம்பத்தில் ஏழாம் கம்பியையே தனது இயல்பான இருப்பிடமாகக் கொண்டது. வலையமைப்பு அட்டைகளும் இடமின்றித் தவித்தபோது அங்கே குடியேற்றப்பட்டன. பல்லாண்டுகள் எவ்வித இடரும் நேரவில்லை.

இடர் நேர்ந்தது உரிமையாளர் திரும்பி வந்தபொழுது. ஓ.எஸ்/2 போன்ற பல்பணி இயக்க முறைமைகள், அச்சுப்பொறியை ஓயாது விசாரித்துக்கொண்டிருத்தல் வீண்செலவு எனக் கருதி ஏழாம் கம்பியை உண்மையாகவே பயன்படுத்தத் தலைப்பட்டன. நொவெல் நிறுவனத்தின் நெற்வெயர் வலையமைப்பிலும் இதனையொத்த நிலையே ஏற்பட்டது. ஒருவரது மேசையிலுள்ள அச்சுப்பொறியை வலையமைப்பிலுள்ள அனைவரும் பகிர்ந்துகொள்ள வகைசெய்யும் சிறு நிரலொன்று அவரது கணனியின் நினைவகத்தில் மறைவாகத் தங்கியிருக்கும். அச்சுப்பொறியை வரையறுக்கும் பட்டியில், இடையீட்டுச் சைகை பயன்படுத்தப்படுமா, ஆமெனின் எத்தனையாவது கம்பி என்னும் வினாக்கள் இருந்தன. ஆம், ஏழு என்பன வழமையான விடைகள். அதே கணனியில் வேறோர் அட்டை ஏழில் இருந்துவிட்டாற் பூசல் தவிர்க்கமுடியாததாயிற்று. அனுபவமிக்கோர் கண்ட மருந்து எளியது: ஆம் என்பதை இல்லை என மாற்றிவிடுவது. அதாவது, நவீன வழியைக் கைவிட்டுப் படலையடிக்கு நடந்துசென்று பார்க்கும் பழைய வழிக்கே மீள்வது.

ஏழாம் கம்பிக்கு இன்னுமொரு சாபமும் இருந்தது. ஓர் அழைப்பு எழுந்து, செயலி அதனை ஏற்பதற்குள் அது மறைந்துவிடுமாயின், அழைத்தவர் யாரென அறியாத 8259ஏ சில்லு அதனை ஏழாம் கம்பியின் அழைப்பாகவே அறிவிக்கும். வேறெங்கோ எழுந்த மின்னிரைச்சலுக்கெல்லாம் ஏழாம் கம்பியே பொறுப்பாளியாகக் காட்டப்பட்டது. பழுது தேடி வந்தவர் ஏழாம் கம்பியை நோண்டிக்கொண்டிருக்க, உண்மைக் காரணம் பிறிதோரிடத்தில் இருந்தது.

வலையமைப்பின் வருகை ஏன் இத்துணை நெருக்கடியை உண்டாக்கிற்று என்பதற்கு இயல்பிலேயே ஒரு விடை உண்டு. ஈதர்நெற் என்னும் வலையமைப்பு முறையை 1973இல் ஸெறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்தில் ரொபேர்ட் மெற்காவ், டேவிட் பொக்ஸ் ஆகியோர் உருவாக்கினர். மெற்காவ் 1979இல் திரீகொம் நிறுவனத்தைத் தொடங்க, 1982இல் அந்நிறுவனம் ஐ.பீ.எம். தனியாட் கணனிக்கான ஈதர்நெற் அட்டையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அச்சுப்பொறி காத்திருக்கும் இயல்புடையது. அதனை ஒரு கணம் கவனியாது விட்டால் அச்சு ஒரு கணம் தாமதிக்கும், அவ்வளவே. வலையமைப்போ அழையா விருந்தாளியை அனுப்புவது. தரவுப் பொதி எந்நேரமும் வரலாம். வந்ததை உடனே எடுத்து உள்வைக்காவிடின் அட்டையிலுள்ள சிறு நினைவகம் நிரம்பி, அடுத்து வருவது இழக்கப்படும். ஆகவே வலையமைப்பு அட்டைக்குச் சொந்தமான ஓர் இடையீட்டுக் கம்பி இன்றியமையாததாயிற்று. கம்பிகளைப் பங்கீடு செய்தவர்களோ 1981இல் இந்த விருந்தாளியை எண்ணிப் பார்க்கவில்லை.

நொவெல் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் வெளியிட்ட என்.ஈ.1000, என்.ஈ.2000 என்னும் அட்டைகள் இவ்வரலாற்றில் முதன்மை பெறுவன. பிற நிறுவனங்கள் என்.ஈ.2000ஐப் பெருவாரியாக நகல்செய்து மலிவு விலைக்கு விற்றன. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்பொழுது அது மூன்றாம் கம்பியிலும், பதினறும எண்முறையில் 300 என்னும் முகவரியிலும் அமர்ந்திருந்தது. மூன்றாம் கம்பி இரண்டாம் தொடர்வாயிலுக்கு உரியது என்பது மேலே கூறப்பட்டது. அத்தொடர்வாயிலில் மோடமோ சுட்டியோ இருப்பின், வலையமைப்பு அட்டையைச் செருகிய அன்றே தகராறு தொடங்கும்.

அப்படியாயின் அட்டையை வேறிடத்துக்கு மாற்றலாமே எனலாம். அட்டைமீதுள்ள சின்னஞ்சிறு இணைப்புச் செருகிகளைக் கழற்றி வேறு முளைகளிற் பொருத்துவதால் அது கைகூடும். ஆனால் அட்டையை மாற்றினால் மட்டும் போதாது. நெற்வெயரின் முற்பட்ட பதிப்புகளிற் கணனி வலையமைப்புடன் பேசுவதற்கான நிரல், அட்டையின் கம்பி எண்ணையும் முகவரியையும் உள்ளே பொதிந்தவாறு அந்தந்தக் கணனிக்கெனத் தனியே ஆக்கப்பட்டது. செருகியை மாற்றியவர் நிரலையும் அதற்கேற்ப மாற்றி அமைத்தல் வேண்டும். செருகி சொல்வதும் நிரல் நம்புவதும் ஏனைய அட்டைகள் விட்டுவைத்திருப்பதும் ஆகிய மூன்றும் ஒன்றுபட்டாலே வலையமைப்பு உயிர்பெறும். அலுவலகத்தில் ஒருவர் செருகியை மாற்றிவிட்டு விடுமுறையிற் செல்ல, மற்றொருவர் நிரலைப் பழைய நிலைக்கு மீட்டுவிட்டாராயின் நிலைமை என்னாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

முகவரியை மாற்றுவதிலும் ஒரு பொறி இருந்தது. 300 இடம்பெறாவிடின் 360 என்னும் முகவரிக்கு அட்டையை மாற்றலாம் எனச் செருகிகள் அனுமதித்தன. ஆயின் என்.ஈ.2000 அட்டை தொடங்கும் முகவரியிலிருந்து முப்பத்திரண்டு வாயில்களை அடைத்துக்கொள்ளும். 360இல் தொடங்கிய அட்டையின் இறுதி எட்டு வாயில்கள் 378இல் ஆரம்பிக்கின்றன. 378 என்பது முதலாம் அச்சுப்பொறியின் முகவரி. அதனிலும் கொடுமை, அந்த இறுதி எட்டும் வலையமைப்பு அட்டையை மீளத் தொடக்குவதற்கென ஒதுக்கப்பட்டவை. அச்சுப்பொறிக்கென அனுப்பப்பட்ட ஒவ்வோர் எழுத்தும், தான் அறியாமலே, வலையமைப்பு அட்டையின் மீள்தொடக்கக் கதவையும் தட்டிற்று. அச்சிட்டதும் வலையமைப்பு அறுந்தது ஏன் என்னும் புதிருக்கு இத்தகைய கணனிகளில் இதுவே விடை. இங்கு இடையீட்டுக் கம்பிக்கு எவ்விதப் பங்கும் இல்லை. கம்பி எண்களை எத்துணை மாற்றினும் இப்பூசல் தீராது.

1984இல் ஐ.பீ.எம். வெளியிட்ட ஏ.ரீ. மாதிரியில் இரண்டாவது 8259ஏ சில்லொன்று முதலாவதன் இரண்டாம் வாயிலுடன் தொடுக்கப்பட்டு, கம்பிகள் பதினைந்தாகப் பெருகின. ஆயினும் புதிய கம்பிகளை நீண்ட செருகுவாயில் அமரும் பதினாறு பிற் அட்டைகளே எட்டக்கூடியனவாக இருந்தன. மலிவான எட்டுப் பிற் அட்டைகள் பழைய கம்பிகளிலேயே நெருக்குண்டு கிடந்தன. பெருகிய கம்பிகளையும் மெய்நேர மணிக்கூடு, கணித இணைச்செயலி, வன்வட்டு ஆகியன வந்து பங்கிட்டுக்கொண்டன.

இந்நிலையிற் பழுது தீர்ப்பதென்பது ஒரு தனிக் கைவினையாக வளர்ந்தது. அதன் முதல் விதி, எல்லா அட்டைகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பது. இரண்டாவது விதி, எந்த அட்டை எந்தக் கம்பியில், எந்த முகவரியில் உள்ளது என்பதைத் தாளில் எழுதிக் கணனிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது. தாளும் பேனையுமே இங்கு நம்பத்தக்க கருவிகள் என்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் தன்னுள் என்னென்ன செருகப்பட்டுள்ளன என்பதை அக்கணனியால் அறிய முடியவில்லை. மைக்ரோசொவ்ற் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வழங்கிய பரிசோதனை நிரல் கம்பிகளின் பட்டியலைக் காட்டிற்று. எனினும் மென்பொருளொன்று உரிமை கோரிய கம்பிகளையே அது நிச்சயமாக அறியும். வாய்திறவாது அமர்ந்திருக்கும் அட்டை அதன் கண்ணுக்குப் புலப்படாது.

கேட்டறியும் முயற்சியே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. 1990களின் நடுப்பகுதியில் லினக்ஸ் இயக்க முறைமைக்கான ஈதர்நெற் இயக்கிகளை எழுதியோருள் முதன்மையானவர் டொனால்ட் பெக்கர். அட்டை எங்கிருக்கின்றது என்பதைப் பயனர் சொல்லாமலே கண்டுபிடிக்கும் வகையில் அவ்வியக்கிகள் வழமையான முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தன. தட்டிய கதவு வேறொரு சாதனத்தினுடையதாக இருப்பின், அச்சாதனம் அதனைத் தனக்கு வந்த கட்டளையாகக் கொண்டு மதிமயங்கும். சில வேளை கணனியே உறையும். ஆகவே இன்னின்ன முகவரிகளைத் தட்டாதே எனத் தொடக்கத்திலேயே கட்டளையிடும் வசதியும் சேர்க்கப்படவேண்டியதாயிற்று. அறிவதற்காக எடுக்கும் முயற்சியே அறியப்படும் பொருளைக் கெடுத்துவிடும் இந்நிலை, சமூக அறிவியற் கள ஆய்வாளருக்கும் புதியதன்று.

அலுவலகத்தின் இச்சிக்கல் மாணவர் விடுதிக்கும் வந்து சேர்ந்தது. 1993 டிசம்பரில் இட் சொவ்ற்வெயர் நிறுவனம் வெளியிட்ட டூம் என்னும் விளையாட்டை, நெற்வெயரின் தொடர்பாடல் விதிமுறை வழியே நால்வர் வரை ஒருங்கே விளையாடக் கூடியதாக இருந்தது. ஒலி அட்டையும் வலையமைப்பு அட்டையும் ஒரே பெட்டியில் ஒரே வேளையில் உழைக்கவேண்டிய தேவை முன்னர் அரிதாகவே இருந்தது. இப்போது அது பொழுதுபோக்காயிற்று. இடையீட்டுக் கம்பி என்றால் என்ன என்பதை ஓர் இளந்தலைமுறை பாடநூலிற் படித்தறிந்ததிலும் பார்க்க, இவ்விளையாட்டைத் தொடக்கிவைக்கப் பட்ட பாட்டிலேயே அதிகம் கற்றது எனக் கூறினும் மிகையாகாது.

இனி, இந்நிலை ஏன் இத்துணைக் காலம் நீடித்தது என்னும் வினா எழுகின்றது. தொழினுட்பத்தின் இளமைக்கால நோய் இது, வளர்ச்சியோடு தானே தீர்ந்தது என்று கூறுவோர் உளர். இக்கருத்து வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்துவதன்று. ஏனெனில் மருந்து மிக முன்னரே கையில் இருந்தது. 1985இல் வெளிவந்த கொமடோர் அமிகா கணனி, செருகப்பட்ட விரிவு அட்டைகளைத் தானே இனங்கண்டு முகவரிகளை ஒதுக்கியது. 1987இல் வந்த மக்கின்ரோஷ் 2 கணனியின் நுபஸ் பாட்டையும் அவ்வாறே. ஐ.பீ.எம். நிறுவனமும் தன் பிழையை உணர்ந்து, 1987 ஏப்ரிலிற் பீ.எஸ்/2 வரிசைக் கணனிகளில் மைக்ரோ சனல் என்னும் புதிய பாட்டையைக் கொணர்ந்தது. அதில் ஒவ்வோர் அட்டைக்கும் தன்னை அறிவிக்கும் எண் உண்டு. செருகிகளை மாற்றும் தொல்லையில்லை. மின்னழுத்தம் மாறும் கணத்தையன்றி அது நிலைத்திருக்கும் மட்டத்தையே உணர்வதனால் ஒரு கம்பியைப் பலர் பகிரவும் முடிந்தது. அச்சுப்பொறிக்கும் வலையமைப்புக்குமிடையிலான பூசலின் வேர் அங்கு அறுக்கப்பட்டுவிட்டது எனலாம்.

ஆனால் அம்மருந்து இலவசமாக வரவில்லை. திறந்த வடிவமைப்பினாற் போட்டியாளரிடம் சந்தையை இழந்துகொண்டிருந்த ஐ.பீ.எம்., புதிய பாட்டையைப் பயன்படுத்த விரும்புவோர் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும் என்றது. பழைய அட்டைகள் புதிய செருகுவாயில் அமரவும் மாட்டா. 1988 செப்ரெம்பரிற் கொம்பாக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் கூடி ஈசா என்னும் மாற்றுப் பாட்டையை அறிவித்தன. அதுவும் தரமானது, கம்பியைப் பகிர இடந்தருவது. எனினும் விலைமிகுதியாற் பெருங் கணனிச் சேவையகங்களுக்கு வெளியே அது பரவவில்லை. இருபெரும் பிரபுக்களின் வழக்கு நடந்துகொண்டிருக்க, 1984இன் பழைய பாட்டையே மலிவின் காரணமாக 1990களின் பிற்பகுதிவரை சாதாரண மக்களின் கணனிகளில் ஆட்சிசெய்தது.

இங்கு ஒரு கணக்குப் பார்க்கவேண்டியுள்ளது. நல்ல பாட்டையொன்றை ஆக்கும் செலவை உற்பத்தியாளர் தவிர்த்தனர். அச்செலவு மறைந்துபோகவில்லை, பயனரின் வீணான மாலைப்பொழுதுகளாகவும் தொழினுட்பவியலாளரின் கூலியாகவும் சிறு சிறு துண்டுகளாய்ச் சிதறி, எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலும் இடம்பெறாது போயிற்று. மறுபுறத்தில், 1981இன் திறந்த வடிவமைப்பு இல்லாதிருப்பின் மலிவான நகல் கணனியும் மலிவான என்.ஈ.2000 நகல் அட்டையும் தோன்றியிரா என்பதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வறிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் வலையமைப்பைக் கண்டது அந்த மலிவினாலேயே. பூசலைத் தந்த அதே மூலமே வரத்தையும் தந்தது. இவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து ஐ.பீ.எம்மைப் புகழ்வதோ இகழ்வதோ முறையாகாது.

1992இல் இன்ரெல் நிறுவனம் பீ.சி.ஐ. பாட்டையை வெளியிட்டது. மறுவருடம் இன்ரெல், மைக்ரோசொவ்ற் ஆகிய நிறுவனங்கள் பழைய பாட்டைக்கும் தன்னமைவு முறையொன்றை வகுத்தன. அதன் நுட்பம் சுவையானது. எல்லா அட்டைகளும் ஒரே வேளையிற் கேட்டுக்கொண்டிருக்க, கணனி அவற்றின் எழுபத்திரண்டு பிற் அடையாள எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கும். தன் இலக்கம் சுழியமாயிருக்க வேறோர் அட்டை ஒன்று என விடையிறுக்கக் காணும் அட்டை மௌனமாக விலகிக்கொள்ளும். இறுதியில் ஓர் அட்டையே எஞ்சும். அதற்கு எண்ணிட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கப்படும். இவ்வழைப்பினை விடுப்பதற்கு எவருக்கும் இடையூறில்லாத ஒரு முகவரி தேவைப்பட்டது. தெரிந்தெடுக்கப்பட்டது 279. அது இரண்டாம் அச்சுப்பொறியின் நிலையை வாசிப்பதற்கு மட்டுமே உரிய வாயில். அங்கு எழுதுவதால் அச்சுப்பொறிக்கு எத்தீங்கும் நேராது. வலையமைப்பு அட்டையோடு பல்லாண்டு பொருதிய அச்சுப்பொறியின் வாசலே சமாதானப் பேச்சுக்கான திண்ணையாக அமைந்தது.

சமாதானம் உடனே வந்துவிடவில்லை. 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95 இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது; முரண்பட்ட சாதனத்தின் அருகே மஞ்சள் நிறத்தில் வியப்புக்குறியொன்றைக் காட்டிற்று. ஆனால் புதிய மொழியைப் பேசாத பழைய அட்டைகள் இன்னும் கோடிக்கணக்கிற் புழக்கத்தில் இருந்தன. செருகு, இயக்கு என்ற விளம்பரச் சொற்றொடரைச் செருகு, பிரார்த்தி எனப் பயனர்கள் திரித்து நகையாடினர். பீ.சி.ஐ. பாட்டையிலும் பொறுப்பு இடம்பெயர்ந்ததேயன்றி ஒழியவில்லை. கம்பியைப் பலர் பகிரும்போது, அழைப்பு வந்ததும் ஒவ்வோர் இயக்கி மென்பொருளும் அது தன் சாதனத்தினதா எனச் சோதித்து, அன்றெனின் அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பிறர் தபாலைத் தனதென எடுத்துக்கொள்ளும் ஓர் இயக்கி போதும், அயலார் அனைவரும் அல்லற்படுவர். முன்னர் செருகியில் இருந்த பூசல் இப்போது நிரலாளரின் ஒழுக்கத்தில் வந்து தங்கிற்று.

புறச்சாதனங்களுக்கெனத் தனிவழி சமைத்தது 1996இல் வந்த யூ.எஸ்.பி. முறை. அச்சுப்பொறியும் வருடியும் சுட்டியும் தத்தமக்குக் கம்பி கேட்கும் நிலை அத்துடன் ஒழிந்தது. 1998 ஏப்ரில் 20ஆம் திகதி சிக்காகோவிற் கொம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், விண்டோஸ் 98இன் சிறப்பை விளக்குமுகமாக வருடியொன்று யூ.எஸ்.பி. வழியே இணைக்கப்பட்டபோது, பில் கேற்ஸ் பார்த்திருக்கவே கணனி நீலத்திரையுடன் நின்றுபோனமை பலரும் அறிந்தது. அவை சிரித்தது; கேற்ஸும் நகைச்சுவையாகப் பேசிச் சமாளித்தார். பதினேழு ஆண்டுகளாகத் தத்தம் மேசைகளிற் தனிமையில் இதனை அனுபவித்தோரின் சிரிப்பு அது.

அதன்பின் வந்த பீ.சி.ஐ. பதிப்பில் இடையீட்டுக் கம்பியையே தவிர்க்கும் வழி தோன்றிற்று. சாதனம் கம்பியை உயர்த்துவதற்குப் பதிலாக, நினைவக முகவரியொன்றுக்குச் சிறு செய்தியை எழுதி அனுப்புகின்றது. 2003இல் வெளியான பீ.சி.ஐ. எக்ஸ்பிறெஸ் முறையிற் கணனியின் உள்ளே செல்லும் தரவு யாவும் பொதிகளாகவே செல்கின்றன. வேறு விதமாகக் கூறின், வலையமைப்புடன் ஒத்துப்போக மாட்டாதிருந்த கணனி, காலப்போக்கிற் தானே ஒரு வலையமைப்பாக மாறிற்று. எட்டுக் கம்பிகளின் ஆட்சி அவ்வாறு முடிவுற்றது.

பூசல் முடிவுற்றதா என்பது வேறு வினா. 2012இல் இன்ரெல் நிறுவனம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. வினாடிக்கு ஐந்து கிகாபிற் வேகத்தில் இயங்கும் யூ.எஸ்.பி. 3.0 சாதனங்களின் வடத்திலிருந்தும் இணைப்பியிலிருந்தும் எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிற் பரவி, அவ்வலைவரிசையைப் பயன்படுத்தும் கம்பியில்லா வலையமைப்பையும் கம்பியில்லாச் சுட்டியையும் குழப்புகின்றது என அது காட்டிற்று. இரைச்சலும் சைகையும் ஒரே அலைவரிசையில் இருப்பதால் வடிகட்டிப் பிரிக்கவும் இயலாது. இம்முறை இரு சாதனங்களுக்கும் வெவ்வேறு எண்கள், வெவ்வேறு முகவரிகள். இயக்க முறைமையின் பட்டியலில் எவ்வித மஞ்சட் குறியும் தோன்றுவதில்லை. வன்வட்டு ஒன்று செருகப்பட்டதும் வலையமைப்பு மெலிகின்றது, கழற்றப்பட்டதும் தேறுகின்றது. காரணம் அறிந்தோர், நல்ல உறையிட்ட வடமொன்றை வாங்கி, வன்வட்டை வாங்கியினின்றும் ஒரு முழ தூரம் தள்ளி வைக்கின்றனர்.